குடிக்காத மனிதரின் பெயரைக் குடிநோயாளர் பதிவேட்டிலிருந்து நீக்கித் தர வேண்டி

அனுப்புநர்
ஊல்கான் ஒரொஸ்பாயேவா,
காலஞ்சென்ற சாகின்பெக் ஒரொஸ்பாயெவின் மனைவி,
மேல் தெரு, தாஷ்-கெச்சூ கிராமம்,
கோக்-பெல் மாவட்டம்.

பெறுநர்
தலைவர் அவர்கள்,
குடிநோயாளர் பதிவு மேல்முறையீட்டுக் குழு,
மாவட்ட சுகாதார அலுவலகம்,
கோக்-பெல்.

பொருள்: புற்றுநோய்க்காகக் குடிநிறுத்த மாத்திரை உட்கொண்ட என் கணவரின் பெயர் குடிநோயாளர் பதிவேட்டில் ஏறியிருப்பது – நீக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: என் முதல் மனுவும், “பெயர் நீக்கத்துக்குச் சம்பந்தப்பட்டவர் நேரில் ஆஜராகி மூச்சுப் பரிசோதனைக்கு உட்பட வேண்டும்” என்று தங்கள் அலுவலகம் அனுப்பிய பதிலும்.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

அல்லாஹ் தங்களுக்கு உடல்நலத்தையும், எழுதியிருப்பதைக் கடைசிவரை படிக்கும் பொறுமையையும் தருவானாக.

பார்வையில் கண்ட பதிலைப் பெற்றுக்கொண்டேன். சம்பந்தப்பட்டவரைச் சென்ற இலையுதிர் காலத்தில் எங்கள் ஊர் மேட்டில் அடக்கம் செய்துவிட்டோம் என்பதை முதல் மனுவிலேயே எழுதியிருந்தேன். அவர் நேரில் வந்து ஊதிக் காட்ட இயலாத நிலையில் இருப்பதால், அவர் சார்பில் கீழ்க்கண்டவற்றைத் தங்கள் முன் வைக்கிறேன். நான் வீட்டுக் கணக்கு எழுதியே பழகியவள். எது எந்தப் பக்கம் வரவேண்டுமோ அந்தப் பக்கம் எழுதிவிடுகிறேன். எங்களுக்குப் பாதகமானதையும் மறைக்கவில்லை.

1. என் கணவர் எங்கள் ஊருக்கும் கோக்-பெல்லுக்கும் இடையே கணவாய்ப் பாதையில் மினி பஸ் ஓட்டி வந்தார். பனிக்காலத்திலும் நிறுத்தியதில்லை. தொழுகை தவறியதில்லை. வண்டியில் ஒரு சிறு விரிப்பு எப்போதும் இருக்கும். கல்யாண விருந்துகளில் வோட்கா சுற்றி வரும்போது தன் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்துவிடுவார். விருந்து முடிந்து எல்லாரையும் வீடு சேர்க்கும் வேலையும் அதனாலேயே அவர் தலையில் விழும். “நீ குடிக்காம இருக்கிறதாலதான்டா நாங்க நிம்மதியாக் குடிக்கிறோம்” என்று அவருடைய கூட்டாளிகள் கேலி செய்வார்கள். அவரும் சிரித்துக்கொண்டே, “வாந்தி எடுக்கிறவன் மட்டும் கதவோரம் உக்காருங்க” என்பார். ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்வார்கள். சொல்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அதைப் பற்றிப் பின்னால் எழுதுகிறேன்.

2. எங்கள் பக்கத்து வழக்கப்படி மனைவி கணவரின் பெயரை வாயால் சொல்வதில்லை. தங்கள் இல்லத்திலும் அவ்வாறே இருக்கக்கூடும். நான் அவரை ‘வீட்டுக்காரர்’ என்றும், மகள் பிறந்த பின் ‘மெயெரிம் அப்பா’ என்றுமே குறிப்பிட்டு வந்தேன். மேலே அனுப்புநர் என்ற இடத்தில் அவர் பெயரை எழுதும்போது என் கை நின்று நின்றுதான் எழுதியது. இந்த மனுவில் இனி ‘என் கணவர்’ என்றே எழுதுவதைப் பொறுத்தருள வேண்டும்.

3. அவருக்கு நுரையீரலில் புற்றுநோய் இருப்பது தெரியவந்து, தலைநகரில் கீமோ மருந்து ஏற்றினார்கள். முதலில் கட்டி சுருங்கியது. பிறகு அதே மருந்தை எவ்வளவு ஏற்றியும் அசையவில்லை. சிகிச்சை அளித்த டாக்டர் குல்பார்ச்சின் அம்மையார் எங்கள் இருவரையும் உட்காரவைத்து, எங்களுக்குப் புரியும்படி இப்படிச் சொன்னார்: “அண்ணே, கூடாரத்துக்குள்ள அடுப்பு எரிஞ்சா புகை உச்சித் துவாரம் வழியா வெளிய போயிடுதுல்ல? உங்க கட்டி இப்ப அந்த வித்தையக் கத்துக்கிச்சு. நாங்க உள்ள விடுற மருந்த அது வெளிய தள்ளிடுது. துவாரத்து மேல கம்பளிய இழுத்து மூடுற மாதிரி ஒரு மாத்திரை வேணும். புதுசு ஒண்ணும் இல்ல, ரொம்பப் பழைய மாத்திரை. குடிகாரங்களுக்குக் குடிய நிறுத்தக் குடுக்கிறது. சில இடத்துல இத வச்சு ஆராய்ச்சி பண்றாங்க. கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். முயற்சி பண்ணலாம்.”

என் கணவர், “அப்போ என் கட்டிதான் குடிகாரனா, டாக்டர் அம்மா?” என்று கேட்டார். டாக்டர் சிரித்துவிட்டார். அந்த அறையில் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்தது அன்று ஒருமுறைதான்.

4. அந்த மாத்திரை நம் மாவட்டத்தில் மதுமீட்பு மருந்தகத்தில் மட்டுமே கிடைக்கிறது. பதிவேட்டில் பெயர் உள்ளவருக்கு மட்டுமே தரப்படுகிறது. டாக்டர் அம்மையாரின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் போனேன். என் கணவர் அன்று எழுந்து நடக்கும் நிலையில் இல்லை. ஜன்னலுக்குப் பின்னால் இருந்த எழுத்தர் கடிதத்தைப் படித்துவிட்டு, “புத்துநோய்க்கா? இதுல அதுக்குக் கட்டமே இல்லையேக்கா. குடிநோயாளின்னு போட்டா மாத்திரை உண்டு, போடலன்னா இல்ல” என்றார். போடுங்கள் என்று நானாகச் சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் கேட்டு வருகிறேன் என்று திரும்பிவிட்டேன்.

என் கணவர் கேட்டுவிட்டு, “எழுதிக்கட்டும், ஊல்கான். தாள்ல எழுதுறவன் ஒருத்தன், மேல இருந்து எழுதுறவன் ஒருத்தன். மேல இருக்கிறவனுக்குத் தெரியும்ல” என்றார்.

மறுபடி போனேன். எழுத்தர் பேர் என்ன என்றார். எழுதித் தருகிறேன், ஒரு தாள் கொடுங்கள் என்றேன். அவரும் இந்த ஊர்க்காரர், வழக்கம் அறிந்தவர். அறிந்தும், வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கேட்கும்படி, “என்னக்கா, குடிகாரப் புருசன் பேரச் சொல்ல வாய் கூசுதா?” என்றார். வரிசை சிரித்தது. நான் தாளில் எழுதிக் கொடுத்தேன். அதை அவர் உரக்கப் படித்தபடியே பதிவேட்டில் ஏற்றினார். நான் வாழ்நாளில் ஒருமுறையும் உச்சரிக்காத பெயர் அந்த நடைவழி முழுக்கக் கேட்டது.

5. விதிப்படி, பதிவேட்டில் ஏறியதும் அவருடைய ஓட்டுநர் உரிமம் ரத்தானது. மாத்திரையை வீட்டுக்குத் தரமாட்டார்கள். தினமும் காலையில் செவிலியின் கண்முன் விழுங்க வேண்டும். ஆகவே கொஞ்சம் தேறியதும், அவருடைய வண்டியை வேறொருவர் ஓட்ட, அதிலேயே பயணியாக உட்கார்ந்து கோக்-பெல் போய் வந்தார். வளைவு வரும்போதெல்லாம் அவருடைய கால் இல்லாத பிரேக்கை மிதிக்கும். நான் கூடப் போன நாட்களில், பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

6. அந்த வரிசையில் பைசால் என்று ஒருவர். அடுப்புக் கட்டும் தொழில் செய்பவர்; தங்கள் பதிவேட்டில் நெடுங்காலமாக இருப்பவர். முதல் நாளே என் கணவரிடம், “அண்ணே, குடிச்சுக் குடிச்சு நாங்க சம்பாதிச்ச எடம் இது. நீங்க ஒரு சொட்டுக்கூடக் குடிக்காம நேரா உள்ள வந்துட்டீங்களே, இது நியாயமா?” என்று கேட்டாராம். என் கணவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். நாளாக நாளாக அந்த வரிசை அவருக்கு இடம்விட்டது. மூச்சிரைக்கிறது என்று முதலில் அனுப்புவார்கள். வழியில் தெரிந்தவர்கள் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனார்கள். அந்த வரிசை மட்டும் அவருக்கு சலாம் சொன்னது.

7. அடுத்த முறை தலைநகரில் படம் எடுத்தபோது கட்டி சுருங்கியிருந்தது. கீமோ மருந்து மறுபடி பிடிக்க ஆரம்பித்திருக்கிறது என்று டாக்டர் அம்மையார் எழுதிக் கொடுத்தார். இரண்டு படங்களின் நகலையும் இணைத்துள்ளேன். என் கணவர் வீடு வந்து ஒரு முழுத் தட்டு நூடுல்ஸும் ஆட்டிறைச்சியும் சாப்பிட்டார். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். மாத்திரையால் அவர் பிழைத்திருப்பார் என்று இந்த மனுவில் நான் வாதாடவில்லை. ஆயுள் அல்லாஹ்வின் கையில். அவர் சாப்பிட்டார் என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

8. கோடை தொடங்கியதும் அவருடைய தம்பி கெமெல் மலை மேய்ச்சலிலிருந்து இறங்கி வந்தார். அண்ணனுக்கென்று அந்தப் பருவத்தின் முதல் குமிஸை, புளித்த குதிரைப்பாலை, தோல்பை நிறையக் கொண்டுவந்தார். நெஞ்சு நோய்க்காரருக்குக் குமிஸ் கொடுப்பது நம் தாத்தா காலத்து வைத்தியம் என்பது தாங்கள் அறியாததல்ல. அந்தக் காலத்தில் இதற்கென்றே மலையில் சுகவாச நிலையங்கள் வைத்து நடத்தினார்கள். இமாம் குடிக்கிறார், பால்குடி மறந்த குழந்தை குடிக்கிறது. குதிரைப்பால் தோல்பையில் புளிக்கும்போது அதில் கொஞ்சம் சாராயமும் ஊறுகிறது என்று எங்களில் யாரும் எண்ணிப் பார்த்ததில்லை. மது கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சொன்னபோது என் கணவர், “அதுக்கு வேற ஆளப் பாருங்கம்மா” என்று சிரித்திருந்தார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

கெமெல் கிண்ணத்தை நீட்டி, “குடிங்கண்ணே, நெஞ்சு தெளியும். உங்களுக்குன்னே அந்தச் செவலைக் குதிரையத் தனியா விட்டுக் கறந்தேன்” என்றார். தம்பி மனம் குளிர வேண்டும் என்று இன்னொரு கிண்ணமும் வாங்கிக் குடித்தார். சற்று நேரத்தில் முகம் செங்கல்லாகச் சிவந்தது. இதயம் அடிப்பது சட்டைக்கு மேலே தெரிந்தது. வாந்தி எடுத்து விரிப்பிலேயே சாய்ந்தார்.

9. மதியமே, மருந்தகம் இருக்கும் அதே கட்டடத்தில் உள்ள மாவட்ட மருத்துவமனைக்குக் கொண்டுவந்து சேர்த்தோம். பணியில் இருந்த டாக்டர் பதிவேட்டைப் பார்த்தார், வாயை முகர்ந்தார், ‘பதிவு பெற்ற குடிநோயாளி, மது அருந்திய நிலையில்’ என்று எழுதினார். கெமெல் அவர் காலைப் பிடிக்காத குறையாக, “குமிஸ்தான்யா குடிச்சாரு, நாந்தான்யா குடுத்தேன்” என்று சொல்லிப் பார்த்தார். “இங்க வர்றவன் எல்லாம் குமிஸுன்னுதான் சொல்லுவான்” என்று பதில் வந்தது. போதை தெளிவிக்கும் அறையில், கம்பிக் கதவுக்குப் பின்னால், என் கணவரைக் கிடத்தினார்கள். என்னை உள்ளே விடவில்லை. அந்தி சாயும்போது அவர் கண் விழித்து, கம்பி வழியாக என்னைப் பார்த்து, அஸர் தொழுகை நேரம் போய்விட்டதா என்று கேட்டார். போய்விட்டது என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

10. அந்த ஒரு வரியின் பேரில் மாத்திரை நிறுத்தப்பட்டது. சிகிச்சைக்கு ஒத்துழைக்காதவர் என்று தலைநகருக்கும் அறிக்கை போனது. டாக்டர் குல்பார்ச்சின் அம்மையார் மறுத்து இரண்டு கடிதம் எழுதினார். அவருக்கு வந்த பதில் எனக்குத் தெரியாது. எங்களுக்கு எதுவும் வரவில்லை. கட்டி பழையபடி வளர்ந்தது. என் கணவர் நோயைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டார். “அந்த ஆஸ்பத்திரித் தாள்ல என்ன எழுதியிருக்கு, ஊல்கான், இன்னொரு தடவ படி” என்று மட்டும் அவ்வப்போது கேட்பார். மேலே இருக்கிறவனுக்குத் தெரியும் என்று சொன்ன மனிதர்தான், ஐயா. கடைசியில் கீழே எழுதியிருந்தது அவரை அழுத்திவிட்டது.

11. கெமெல் அதன்பின் குமிஸ் கிண்ணத்தைத் தொடவில்லை. இந்தக் கோடையில் குதிரைகளையே கறக்கவில்லை, குட்டிகளுக்கு விட்டுவிட்டார்.

12. பைசால் என் வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்று அழுதார். “அண்ணி, இந்த மாத்திரை போட்டா குமிஸ் ஆகாதுன்னு எங்க வரிசையில ஒருத்தன் பாக்கியில்லாம எல்லாருக்கும் தெரியும். நானே ஒருக்காக் குடிச்சுட்டு செத்துப் பொழச்சவன். அவருகிட்ட ஒருத்தரும் சொல்லல. அவர்தான் குடிக்கிற ஆளே இல்லையே, அவருகிட்டப் போய் என்னத்தச் சொல்றதுன்னு இருந்துட்டோம்” என்றார். மருந்தகத்துச் செவிலியும் புதிதாகச் சேர்பவர்களுக்குச் சொல்லும் எச்சரிக்கையை அவருக்குச் சொல்லவில்லை. “உங்களுக்கு எதுக்குங்க இதெல்லாம், தொழுகிற மனுசன்” என்று தாளை மடித்து வைத்துவிட்டாராம். அந்தப் பெண்ணின் மீது எனக்குப் புகார் இல்லை. மரியாதையினால் செய்தார். என் கணவரைக் குடிகாரர் என்று நம்பியிருந்தால் எச்சரித்திருப்பார்கள். அவரைக் குடிகாரர் அல்ல என்று நம்பியிருந்தால் கம்பிக்குப் பின்னால் போட்டிருக்க மாட்டார்கள். ஒரே கட்டடத்தில் இந்தப் பக்கம் அப்படியும் அந்தப் பக்கம் இப்படியும் நம்பினார்கள். இரண்டிலும் அவருக்குக் கேடே வந்தது.

பைசால் எழுதிக் கொடுத்த சாட்சிக் கடிதத்தையும் இணைத்துள்ளேன். கையெழுத்து கோணலாக இருக்கும். எழுதிய அன்று அவர் குடித்திருக்கவில்லை. கை நடுக்கம் அவருக்கு எப்போதும் உள்ளது.

13. ஜனாஸா தொழுகையன்று நடந்ததை எழுதாமல் இந்த மனு முழுமையாகாது. முற்றத்தில் ஆண்கள் வரிசையாக நின்றார்கள். நானும் மகளும் மற்றப் பெண்களும் துக்கத்துக்குப் போட்ட கூடாரத்துக்குள் கம்பளிச் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி சொல்லிக்கொண்டிருந்தோம். இமாம் வழக்கப்படி, “இவர் எப்படிப்பட்ட மனிதராக இருந்தார்?” என்று கூட்டத்தைக் கேட்டார். ‘நல்ல மனிதராக இருந்தார்’ என்று எல்லாரும் ஒரே குரலில் சொல்ல வேண்டும். எப்பேர்ப்பட்டவருக்கும் நம் ஊரில் அதைச் சொல்லாமல் விட்டதில்லை. அன்று யாரும் சொல்லவில்லை.

ஒரு மூச்சு விடும் நேரம்தான். தொழுகையில் பொய் சொல்ல அஞ்சியிருப்பார்கள், நல்லவர்கள்தான். பதிவேட்டுச் செய்தியும் கம்பிக் கதவுச் செய்தியும் ஊர் முழுக்கப் போயிருந்தன. அரசாங்கத் தாள் பொய் சொல்லாது என்று அவர்கள் நம்பினார்கள். நான் ஒப்பாரியை நிறுத்திவிட்டேன். கம்பளிச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆடுகளின் சத்தம் மட்டும் கேட்டது. அவர் வண்டியில் ஏறாத ஆள் அந்த முற்றத்தில் ஒருவரும் இல்லை, ஐயா.

அப்போது கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், “நல்ல மனுசன்யா. சொல்லுங்களேன்யா, நல்ல மனுசன்” என்றது. பைசாலின் குரல். அதன் பிறகு மற்றவர்களும் சொன்னார்கள். என் கணவருக்காக முதலில் சாட்சி சொன்னவர் தங்கள் பதிவேட்டில் உள்ளவர் என்பதைத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

14. இன்னொன்றும் சொல்ல வேண்டியுள்ளது. டாக்டர் குல்பார்ச்சின் அம்மையாரிடம் சிகிச்சை பெறும் நம் மாவட்டத்துப் பள்ளி ஆசிரியை ஒருவருக்கும் இதே மாத்திரை எழுதப்பட்டது. மருந்தக வாசல் வரை போய்த் திரும்பிவிட்டார். நான் போய்ப் பேசியபோது, “அக்கா, அந்தப் பதிவேட்டுல ஏறுனா வேலை போயிடும். நான் போனப்புறம் எம் புள்ளைங்கள ‘குடிகாரி மக்க’ன்னு கூப்பிடுவாங்க. உங்க வீட்டுக்கு வந்து அந்த மௌனத்த நானும் கேட்டேன்ல” என்றார். அவருக்குச் சொல்ல வேண்டிய பதில் தங்களுக்குத் தெரிந்திருக்கும் என்று நம்பி எழுதுகிறேன்.

ஆகவே, ஐயா அவர்கள் கருணையுடன் பரிசீலித்து,

(அ) என் கணவரின் பெயரைக் குடிநோயாளர் பதிவேட்டிலிருந்து நீக்கி, அவர் அந்த மாத்திரையைப் புற்றுநோய்க்காகவே உட்கொண்டார் என்று முத்திரையிட்ட தாளில் எழுதித் தருமாறும்;

(ஆ) மருத்துவமனைக் குறிப்பில் ‘மது அருந்திய நிலையில்’ என்றிருப்பதை ‘மாத்திரை உட்கொண்டிருந்தபோது குமிஸ் பருகியதால்’ என்று திருத்துமாறும்;

(இ) புற்றுநோய் டாக்டரின் கடிதத்தோடு வருபவருக்குப் பதிவேட்டில் ஏற்றாமல் அந்த மாத்திரையை வழங்க ஏற்பாடு செய்து, குமிஸ் ஆகாது என்பதைக் குடிப்பவர், குடிக்காதவர் என்று பாராமல் ஒவ்வொருவர் காதிலும் போடுமாறும்

மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இந்த இலையுதிர் காலத்தில் அவருக்கு வருட நினைவு விருந்து வைக்க வேண்டும். அன்று முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் வருவார்கள். விருந்துக்கு அறுக்கக் குதிரை ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். தங்கள் தாள் அதற்குமுன் வந்துவிட்டால், இமாம் அதை விருந்துக்குமுன் கூட்டத்தில் படிக்கச் சம்மதித்திருக்கிறார். படித்து முடித்ததும் அதே கேள்வியை மறுபடி ஒருமுறை கேட்பதாகவும் சொல்லியிருக்கிறார்.

சம்பந்தப்பட்டவர் நேரில் ஆஜராக வேண்டும் என்ற விதியைத் தளர்த்த வழியே இல்லை என்றால், அவருக்காக என்னை ஆஜராக அனுமதியுங்கள். அதே ஜன்னல் முன் வந்து நிற்கிறேன். அதே எழுத்தர் இருக்கட்டும், வரிசையும் இருக்கட்டும். பேர் என்ன என்று அவர் கேட்கட்டும். இந்த முறை நான் தாள் கேட்கமாட்டேன். என் கணவர் மன்னிப்பார். நடைவழி முழுக்கக் கேட்கும்படி, தகப்பனார் பெயரோடு சேர்த்து, என் வாயாலேயே சொல்வேன்.

இடம்: தாஷ்-கெச்சூ
நாள்: 9 ஜூலை 2023

தங்கள் முடிவுக்காகக் காத்திருக்கும்,

(ஒப்பம்)
ஊல்கான் ஒரொஸ்பாயேவா
சாகின்பெக் துர்தாலியெவிச் ஒரொஸ்பாயெவின் மனைவி